சுண்டைக்காய் ரப்பரும் சுமைகூலியும்

மசில் கார் என்று அமெரிக்கர் குறிப்பிடுவது, நடுத்தர அளவுள்ள குடும்பக் கார் ஒன்றின் மூக்கிற்குள் அதன் தகுதிக்கு மீறிய எட்டு சிலிண்டர் எஞ்சினை இறக்கி, சம்பளக்கார இளைஞனும் தவணை முறையில் வாங்கத்தக்க விலைக்கு விற்கப்பட்ட வண்டியையே ஆகும். 1964-ஆம் ஆண்டின் போன்டியாக் ஜிடிஓவை இதன் தொடக்கமாகக் கொள்வது மரபு, 7.4 லிட்டர் கொள்ளளவும், எல்எஸ்6 என்னும் வகையில் 450 குதிரைத்திறனும் கொண்டு 1970-இல் வந்த ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் 454-ஐ இதன் உச்சம் என்போர் பலர். இவ்வண்டிகளின் எஞ்சினைப் பற்றியும் கார்புரேட்டரைப் பற்றியும் முகப்பில் ஓடும் இரட்டைப் பட்டை வண்ணத்தைப் பற்றியும் அலமாரி கொள்ளாத அளவுக்கு நூல்கள் உள்ளன. அத்தனை குதிரைகளின் ஆட்டத்தையும் அரை நூற்றாண்டாக வாய் திறவாமல் தாங்கி, இருக்கைக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் ரப்பர்த் துண்டுகளுக்கு மட்டும் புகழ்மாலை சூட்ட எவரும் முன்வரவில்லை.

மேற்கூறிய இரண்டும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ‘ஏ-பாடி’ என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தில் காரின் உடல் வேறு, எஞ்சினையும் சக்கரங்களையும் சுமக்கும் எஃகுச் சட்டமாகிய சேசிஸ் வேறு. உடல் கட்டப்படாத வெறும் பேருந்துச் சேசிஸ், தலையில் முண்டாசு கட்டிய ஓட்டுநருடன் நெடுஞ்சாலையில் போவதைக் கண்டவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. உடலும் சட்டமும் இரும்போடு இரும்பாக உராய்ந்தால் பயணிகளின் பல் ஆடும் என்பதால், இரண்டுக்கும் இடையே குறித்த இடங்களில் வட்ட வடிவ ரப்பர் மெத்தைகள் வைக்கப்பட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நீண்ட போல்ட் கீழிருந்து ஏற்றப்பட்டு, உடலின் அடித்தகட்டில் பொதிந்துள்ள நட்டில் முறுக்கப்படுகிறது. பாடி மவுண்ட் என்றும் பாடி புஷ் என்றும் வழங்கப்படுபவை இவையே. தனிச் சட்டமே இல்லாத மஸ்டாங்கின் உரிமையாளருக்கு இந்தக் கவலை கிடையாது. அவருக்கு வேறு கவலைகள் உண்டு.

ரப்பர் ஓசையில்லாமல் மூப்படையும் பொருள். வெப்பமும் எண்ணெயும் காற்றிலுள்ள ஓசோனும் சேர்ந்து அதை முதலில் இறுக்கி, பிறகு வெடிக்கச் செய்து, இறுதியில் பழைய வெல்லக்கட்டி போல உதிர வைக்கின்றன. புஷ் நசுங்க நசுங்க உடல் ஓரிடத்தில் தாழ, கதவுக்கும் முன் மட்கார்டுக்கும் இடையிலுள்ள சந்து மேலே விரிந்தும் கீழே குறுகியும் கோணலாகிறது. உரிமையாளரோ கதவின் கீல் தேய்ந்தது என்று முடிவுகட்டிக் கீலை மாற்றுகிறார். அதன் பிறகும் கதவு சாத்தப்பட மறுக்கவே, பூட்டை மாற்றுகிறார். முழங்காலுக்கு ஒவ்வாத குனிதலைத் தள்ளிப்போட மனிதமனம் கண்டுபிடிக்கும் காரணங்கள் அளவற்றவை.

குனிந்தபின் தெரியவருவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதன் பொருளாகும். புதிய புஷ்களின் விலை அந்தக் காருக்குப் பூசிய வண்ணத்தின் விலைக்கு முன் தூசு; ஆனால் பழைய போல்ட்டைக் கழற்றுவது வேறு கணக்கு. மிச்சிகன், ஒஹாயோ போன்ற பனி மாநிலங்களில் குளிர்காலச் சாலைகளில் பனியுருக்க உப்புத் தூவுவர். அந்த உப்புநீரில் ஆண்டாண்டாக ஊறிய போல்ட்டும் நட்டும் பிரிக்க முடியாத தம்பதியராகிவிடுகின்றன. நட்டு சுழலாதிருக்க அதை மெல்லிய தகட்டாலான ஒரு சிறு கூண்டுக்குள் அடைத்திருப்பர். முதல் நாள் துருநீக்கும் எண்ணெய் ஊற்றி, இரண்டாம் நாள் தட்டிப் பார்த்து, மூன்றாம் நாள் ஸ்பானரின் கைப்பிடியில் நீண்ட குழாயைச் செருகி முழு உடல் எடையையும் போட்டுத் தொங்கும்போது ‘டக்’ என்று ஓர் ஒலி எழுகிறது. போல்ட் இளகிவிட்டது என்ற மகிழ்ச்சியில் ஸ்பானரைச் சுற்றத் தொடங்குபவர், கால் மணி நேரம் கழிந்தும் போல்ட் ஒரு நூலளவும் இறங்கவில்லை என்பதைக் காண்கிறார். இளகியது போல்ட் அன்று, கூண்டு. இனி மேலே ஏறி, இருக்கையையும் தரைவிரிப்பையும் அகற்றி, நல்ல தரைத்தகட்டில் ஒரு துளை வெட்டி, நட்டை இடுக்கியால் பிடித்துக்கொள்ள ஓர் ஆளை அமர்த்தி, வேலை முடிந்தபின் அந்தத் துளையை வெல்டிங் செய்து மூட வேண்டும். தரைவிரிப்பை அகற்றாமலே கீழிருந்து கேஸ் டார்ச்சால் சூடேற்ற முனைபவருக்கு மேலும் விரைவாக ஒரு பாடம் கிடைக்கும். பாலைவன மாநிலமான அரிசோனாவில் ஓடிய காருக்கு வாங்குவோர் ஏன் கூடுதல் விலை தருகின்றனர் என்பதும் இந்த இடத்தில்தான் விளங்குகிறது.

போல்ட்டுகள் யாவும் இறங்கியபின், ஒரு பக்கத்து உடலின் கீழ் நீண்ட மரப்பலகை வைத்து, ஜாக்கினால் புஷ் நுழையும் அளவுக்கு மட்டும் உயர்த்துவது முறை. அப்போதும் மறக்கலாகாத உறவுமுறை ஒன்று உண்டு: ரேடியேட்டரும் அதன் விசிறிக்கூடும் உடலின் பக்கத்தார், விசிறியோ எஞ்சின் வழியாகச் சட்டத்தின் பக்கத்தார், ஸ்டீயரிங் தண்டு உடலோடு வரும், அதன் பற்சக்கரப் பெட்டி சட்டத்தோடு நிற்கும். இந்தச் சம்பந்தங்களை முன்கூட்டியே பிரித்துவைக்காதவர் ஜாக்கை மிதிக்க மிதிக்க, விசிறிக்கூடு விசிறியின் மேல் போய்ச் சாய்கிறது. உயர்த்திய உடலுக்குக் கட்டை முட்டுக்கொடுக்கும் முன் இடையில் விரலை நுழைப்பது பற்றி நகைச்சுவையாகச் சொல்ல ஏதுமில்லை.

புதிய புஷ் ரப்பரிலா, பாலியூரித்தேனிலா என்ற வழக்கு, இத்துறையினரிடையே தென்கலை வடகலை வழக்கைப் போலத் தீர்ப்பின்றி நடந்துவருகிறது. பாலியூரித்தேன் ரப்பரினும் கடினமான செயற்கைப் பொருள்; எண்ணெயும் உப்பும் அதை எளிதில் தீண்டா, உடலும் சட்டமும் ஒன்றாக இறுகி நிற்பதால் வளைவில் காரின் பிடிப்பும் கூடும். அதற்கு ஈடாகச் சாலையிலுள்ள ஒவ்வொரு கல்லும் தன்னை முதுகெலும்புக்கு நேரில் அறிமுகம் செய்துகொள்ளும். பந்தயத் தடத்துக்குப் போகும் காருக்கு அது தகும். ஞாயிற்றுக்கிழமை மனைவியுடன் ஐஸ்கிரீம் வாங்கப் போகும் காருக்கு ரப்பரே தகும்.

வேலையின் முடிவில் பெட்டியில் இரண்டொரு புஷ்கள் மிஞ்சுவதும், சட்டத்தில் இரண்டொரு துளைகள் வெறுமையாக இருப்பதும் உரிமையாளரின் தூக்கத்தைக் கெடுப்பதுண்டு. கூரை மடங்கும் வகைக்கு உறுதி வேண்டிக் கூடுதல் இடங்களில் புஷ் வைத்த ஆலை, கூரை நிலைத்த வகையில் அவற்றுட் சிலவற்றை வெறுமையாகவே அனுப்பிவிட்டது என்பதால், எல்லாத் துளைகளையும் அடைத்தே தீர்வது என்று எவரும் சூளுரைக்க வேண்டியதில்லை. ஆனால் புஷ்களின் கனம் இடத்துக்கு இடம் வேறுபடும். கதவுச் சந்தைச் சமன்செய்ய இடையில் செருகிய ஷிம் என்னும் மெல்லிய தகடுகளும் அப்படியே. ஆகவே இவ்வேலையில் இறங்குவோர், கழற்றிய ஒவ்வொரு பழைய புஷ்ஷையும் ஷிம்மையும் அதனதன் இடத்தின் பெயரெழுதித் தனித்தனிப் பையில் போட்டு வைத்து, புதியவை எல்லாம் முறுக்கப்பட்டு இரு கதவுகளும் ஒரு விரல் தள்ளலில் சாத்தப்படும் வரை, வீட்டைப் பெருக்குவோர் கண்ணில் படாதபடி பாதுகாத்துக்கொள்வார்களாக.