கொடுவாவுக்கு விரதம் கிடையாது

சென்னைக் கரையோரம் தூண்டில் போடுகிறவனுக்கும் பஞ்சாங்கத்துக்கும் ஆதியிலிருந்தே ஆகாது. புரட்டாசி பெருமாளுக்குப் போய்விடும். ஐப்பசியில் கந்த சஷ்டி. கார்த்திகை ஒன்றாம் தேதி மைத்துனன் மாலை போட்டுவிடுவான். அவன் குடியிருப்பது எங்கள் மாடியில், சாப்பிடுவது எங்கள் கூடத்தில். அதனால் அவன் மலைக்குப் போய்த் திரும்புகிறவரை ஒரே அடுப்பு, ஒரே விரதம். அது முடிவதற்குள் மார்கழி. பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்தால் தைப்பூசம். மாசியில் சிவராத்திரி. எல்லாச் சாமிகளும் ஒருவழியாக உத்தரவு கொடுத்து மண்சட்டி அடுப்பில் ஏறுகிற நேரத்தில் ஏப்ரல் 15 வந்து நிற்கும். விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். அப்போது வஞ்சிரம் என்ன விலை என்று கேட்பதற்கே ஒரு துணிச்சல் வேண்டும்.

மீன்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் யாரும் சொல்லிவைக்கவில்லை. அவை நன்றாகக் கடிப்பது வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு. அதாவது, பிடித்த மீனை வீட்டுக்குள் கொண்டுவர முடியாத மாதங்களாகப் பார்த்துக் கடிக்கும்.

நம் ஊர்க் குளிர்காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் வெயில்மானி 20 டிகிரி காட்டினாலே தெருவே குரங்குக் குல்லாவுக்குள் போய்விடும். மார்கழி நாலரை மணிக்குக் கோயில் ஒலிபெருக்கி திருப்பாவையை ஆரம்பிக்க, வாசல்களில் கோலம் விழ, நான் தூண்டில் கம்பை நீளமான உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்குவேன். சங்கீத சீசன் வேறு. “புல்லாங்குழலா? ரொம்பப் பெரிசா இருக்கே” என்றார் எதிர்வீட்டு மாமி. நான் மறுக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குத் தனி மரியாதை. என்றாவது வாசிக்கச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் மட்டும் உண்டு.

போவது முட்டுக்காடு. கோடையில் அங்கே கடலுக்கும் கழிக்கும் நடுவே மணல்திட்டு அடைத்துக்கொண்டிருக்கும். மழைவெள்ளம் வந்து அதை உடைத்தால் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும். உள்ளே வளர்ந்த இறாலும் சின்ன மீனும் தண்ணீர் இறங்கும்போது வாய்க்கால் வழியாக வெளியே வரும். கொடுவா வழியிலேயே காத்திருக்கும். அது தெரியாத நாளில் நான் தண்ணீர் ஏறுகிற நேரத்தில் போட்டுக்கொண்டு நின்றேன். வீச்சுவலைக்காரப் பெரியவர் ஒருவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தண்ணி எறங்கட்டும் சார். இப்பப் போட்டா கொடுவா சிரிக்கும்.”

கொடுவா சாதாரண மீன் அல்ல. கடலோரத்து உப்பில் பிறந்து, ஆறு ஏரி என்று நல்ல தண்ணீரில் ஏறி வளர்ந்து, முட்டையிட மறுபடி உப்புக்குத் திரும்பும். ஆணாக முதிர்ந்து சில வருடம் இருந்துவிட்டு அப்புறம் பெண்ணாக மாறிவிடும். பெரிய கொடுவாவெல்லாம் பெரும்பாலும் பெண்தான். இந்தத் தகவலை வீட்டில் சொன்னபோது, காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே, “விவரம் தெரிஞ்ச மீன்” என்றாள். முட்டுக்காட்டிலேயே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. இந்தியாவில் முதன்முதலாக 1997இல் கொடுவாவைத் தொட்டியில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தவர்கள் அந்த நிறுவனத்தார். கூப்பிடு தூரத்தில் விஞ்ஞானிகள் கொடுவாவை வளர்த்துக்கொண்டிருக்க, வெளியே நான் ஒன்றே ஒன்றுக்காகத் தவம் கிடக்கிறேன்.

நம் பொறுமையைச் சோதிக்கவென்றே மடவை என்று ஒரு மீன். கண்ணெதிரே துள்ளும், கூட்டமாகத் துள்ளும், செருப்புக்குப் பக்கத்திலேயே வந்து துள்ளும். தூண்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சேற்றையும் பாசியையும் மேய்ந்து பிழைக்கிற ஜீவன், இரைக்கு மசியுமா? வலை வீசத் தெரிந்தவருக்குத்தான் மடவை. தூண்டில்காரனுக்கு அது வெறும் வேடிக்கை.

கொடுவாவுக்கு உயிர் இறால்தான் உகந்தது. கிடைக்காத நாளுக்கு இருக்கட்டும் என்று முதல்நாளே கொஞ்சம் வாங்கி, ஏழு கவர் சுற்றி, ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். மாலை போட்டவர்களின் மூக்கு மோப்ப நாய்க்குச் சமம். மைத்துனன் கூடத்தில் வந்து நின்று, எல்லோரும் கேட்கும்படி அறிவித்தான்: “சாமி, ஃப்ரிட்ஜ்ல இறால் இருக்கு சாமி.” விசாரணை நடந்தது. மீன் பிடிப்பது என் பாவம், அதை நானே சுமந்துகொள்ளலாம். ஆனால் இரையோ மீனோ எதுவும் கேட்டுக்கு உள்ளே வரக்கூடாது என்று தீர்ப்பானது. சுமாரான நீதிதான்.

அதே மைத்துனனை நீங்கள் கலங்கலில் பார்க்க வேண்டும். மதுராந்தகம் பக்கம் என் மாமனார் ஊர். கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் பாய்ந்தால் ஊரில் ஒருவர் வீட்டில் தங்க மாட்டார்கள். வெள்ளத்தை எதிர்த்து மீன் ஏறும். அதைப் பிடிக்கக் கொசுவலை, கைலி, பழைய சேலை, விரித்துத் தலைகீழாகப் பிடித்த குடை என்று ஆளுக்கொரு சாதனம். நான் விலை உயர்ந்த கம்பையும் ரீலையும் கொண்டுபோய் நின்றால் பையன்கள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, துண்டோடு தண்ணீரில் இறங்கி, ஆளுக்கு நாலு கெண்டையோடு ஏறுவார்கள். மைத்துனன் கறுப்பு வேட்டியோடு கரையில் நின்றான். விரதம், தொடமாட்டான். ஆனால் வாய்க்கு விரதம் இல்லையே? “சாமி, எடது பக்கம் விரால் சாமி! மதகு ஓரம் சாமி! ஐயோ, விட்டுட்டியே சாமி!” அந்த வருடம் அதிகமாக மீன் பிடித்தது அவன்தான் என்பது என் கருத்து.

தெளிந்த பிறகு ஏரியில் தூண்டில் போட்டால் வருவது ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்க மீன், 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது. மைதா உருண்டைக்கும் வரும், வெறும் முள்ளுக்கும் வரும்போல. அதைப் பிடித்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

பெருமை பேசுவது என்றால் தரங்கம்பாடி டேனிஷ்காரரிடம் கற்க வேண்டும். டால்டார்ஃப் என்ற அதிகாரி, 1791இல் குளக்கரைப் பனைமரம் ஒன்றில், தண்ணீர் மட்டத்துக்கு ஐந்தடி மேலே பனையேறிக் கெண்டையைப் பிடித்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1797இல் அச்சிட்டது. அந்த மீன் காற்றைச் சுவாசிக்கும், செவுள் மூடியை ஊன்றித் தரையில் நகரும், அதெல்லாம் உண்மை. மரம் ஏறுமா என்பதில் பின்னால் வந்தவர்கள் பலருக்குச் சந்தேகம். என் சந்தேகம் வேறு: மரமேறிய மீனை ஒரு சங்கம் ஒப்புக்கொண்டு அச்சிட்டதே, முழங்கை நீளக் கொடுவா பாலத்தடியில் நரம்பை அறுத்துக்கொண்டு போனது என்று நான் சொன்னால் என் வீட்டில் ஏன் ஒருவரும் நம்புவதில்லை?

பிடிபடுகிற கொடுவா இஸ்திரி வண்டிக்காரருக்கும் பக்கத்துத் தெரு வாட்ச்மேனுக்கும் போகிறது. இருவரும் நான் பெரிய தர்மவான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தைப்பூசம் வரை இந்த ஏற்பாடு உண்டு. வேண்டியவர்கள் காலை ஒன்பது மணிக்கு மேல் எங்கள் கேட்டுக்கு வெளியே வரலாம். பை நீங்கள் கொண்டுவர வேண்டும். வெட்டித் தர வழியில்லை, அரிவாள்மனை கேட்டுக்கு உள்ளே இருக்கிறது.