ஐந்து நட்சத்திர ஏசியும் அடுப்பாய்க் கொதிக்கும் மொட்டைமாடியும்

அனுப்புநர்: மொட்டைமாடிக்கு நேர் கீழ் வீட்டில் வாடகைக்கு இருப்பவர், சென்னை.

பெறுநர்: ஆற்றல் திறன் பணியகம், மத்திய மின் அமைச்சகம், சேவா பவன், ராமகிருஷ்ணபுரம், புதுதில்லி.

பொருள்: மின்விசிறிக்கு 13 ஆண்டு தாமதமாக நீதி வழங்கியமைக்கு நன்றியும், நிலுவையில் உள்ள பிற கோரிக்கைகளும் – தொடர்பாக.

பார்வை: எரிசக்திச் சேமிப்புச் சட்டம், 2001.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2002 மார்ச் 1 முதல் நாட்டின் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பொறுப்பில் இருக்கும் பணியகத்துக்கு, கோடைகால மின்கட்டணத்தைச் செல்போனில் பார்த்த கையோடு மனுதாரர் இதை எழுதுகிறார். எழுத்தில் சூடு தெரிந்தால் அது கூரையிலிருந்து இறங்கியது என்று கொள்ளவும்.

முதலில் நன்றி. பணியகம் 2006-ல் நட்சத்திர வில்லையைக் கொண்டுவந்தது. 2010 ஜனவரியில் நான்கு பொருள்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது: ஏசி, உறைபனி கட்டாத குளிர்பதனப் பெட்டி, டியூப் லைட், மின்மாற்றி. கூரை மின்விசிறி அந்தப் பட்டியலில் இல்லை. அதற்குக் கட்டாய வில்லை வந்தது 2023 ஜனவரி 1-ல். எந்த வீட்டில் ஏசி ஓடும், எந்த வீட்டில் விசிறி மட்டும் சுற்றும் என்பது பணியகம் அறியாததல்ல. ஆனாலும் வசதியுள்ளவர் வாங்கும் பெட்டி முதல் வரிசையில் உட்கார்ந்தது. எல்லோரும் வாங்கும் விசிறி 13 ஆண்டுகள் வாசலில் நின்றது. விசிறிக்குப் பொறுமை அதிகம், மூன்றாம் எண்ணில் வைத்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இந்த 13 ஆண்டுக்கு ஒரு கணக்கு உண்டு. பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். திறன்மிக்க மோட்டார் கொண்ட பிஎல்டிசி விசிறிக்கு 28 முதல் 35 வாட் போதும். காற்றில் குறை இல்லை. நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் பழையது இரண்டு மாதத்தில் 72 யூனிட் எடுக்கும். 28 வாட் விசிறி எடுப்பது 27 யூனிட். மிச்சம் 45.

தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒற்றை விசிறியும் இரண்டு விளக்குமாக நூறுக்குள் அடங்கும் வீட்டுக்கு அந்த 45 யூனிட்டால் கிடைக்கும் லாபம் பூஜ்யம். கடையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுத்து பிஎல்டிசி வாங்கினால் அந்தக் குடும்பத்துக்கு நஷ்டம். மானியம் கட்டும் அரசுக்கு லாபம். நாட்டின் நிதிச்சுமையைக் குறைக்க விசிறி வாங்கும் வள்ளல் அந்த வீட்டில் இருப்பார் என்று வில்லை நம்புகிறது. அதில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கிறது. அந்த மிச்சம் யாருக்கு என்பதற்கு அதில் இடம் ஒதுக்கவில்லை.

பணியகத்துக்கு வழி தெரியாது என்று மனுதாரர் சொல்லவில்லை. வழி புதுச்சேரியிலேயே இருந்தது. மொத்தமாகக் கொள்முதல் செய்த எல்இடி பல்பு 2014-ல் அங்கேதான் வீடுகளைத் தேடிப் போனது. அன்றைய கொள்முதல் விலை ஒன்றுக்கு 310 ரூபாய். அரசு நிறுவனமான ஈஈஎஸ்எல் கோடிக்கணக்கில் டெண்டர் விட விட, இரண்டு மூன்று ஆண்டுகளில் அது 38 ரூபாய்க்கு இறங்கியது. 2015-ல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கு மேல் பல்புகள் போய்ச் சேர்ந்தன. இதற்காக யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. விலை இறங்கியது, மக்கள் வாங்கினார்கள், குண்டு பல்பு பின்வாங்கியது. விசிறிக்கும் இதே வழியில் ஒரு கோடி என்ற இலக்கு 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. பல்புக்குப் பிறகு விசிறி நினைவுக்கு வர இத்தனை ஆண்டா என்று கேட்பது மரியாதையாகாது. ஆகவே மனுதாரர் கேட்கவில்லை.

அறிவுரைத் துறை மட்டும் சுறுசுறுப்பு. டிசம்பர் 14 தேசிய ஆற்றல் சேமிப்பு நாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி. பூமிப்பந்து ஒரு பக்கம் சிரிக்கும், மறுபக்கம் அழும். நடுவில் ஒரு பல்பு. ஸ்விட்சை அணைக்காத அப்பாவைப் பிள்ளை கண்டிக்கும். அப்பா வேலை பார்க்கும் கண்ணாடிக் கட்டடத்தை யார் கண்டிப்பது?

ஏசி விஷயத்துக்கு வருவோம். 2020 ஜனவரி முதல் நட்சத்திரமுள்ள ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று பணியகமே சொல்கிறது. நல்ல விதி. ஆனால் ரிமோட் மக்களிடம் இருக்கிறது. 2025 ஜூனில் மின்துறை அமைச்சர் மனோகர் லால், இனி ஏசிகள் 20-க்குக் கீழும் 28-க்கு மேலும் போகாதபடி செய்வோம் என்றார். மனுதாரருக்கு ஆட்சேபம் இல்லை. தி.நகர் நகைக்கடைகள் கதவைத் திறந்து வைத்து உஸ்மான் சாலைக்கே குளிரூட்டும் தொண்டை 20 டிகிரிக்குக் கீழே இறங்காமல் எப்படித் தொடரும் என்ற கவலைதான்.

ஏசி வில்லையில் இருக்கும் ஆண்டுச் செலவு 1,600 மணி நேரத்துக்கானது. இரவுக்கு 8 மணி நேரம் என்றால் 200 இரவு. மீதி 165 இரவுகளில் சென்னையில் பனியா கொட்டுகிறது?

இன்னொன்றையும் பாராட்ட வேண்டும். 2022 ஜூலையில் கணக்கு திருத்தப்பட்டபோது ஐந்து நட்சத்திர ஏசி ஒரே இரவில் நான்கு நட்சத்திரம் ஆனது. பதவிக்கு வந்தபின் தகுதி குறைக்கப்படும் வழக்கம் இந்த நாட்டில் ஏசிக்காவது இருக்கிறது.

ஆனால் எவ்வளவு நல்ல ஏசியும் மொட்டைமாடியிடம் தோற்கும். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் இரவு பதினொரு மணிக்கு அதை வீட்டுக்குள் கக்கும். வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு 2007-ல் வந்தது. மாநிலம் அறிவித்தால்தான் நடைமுறை. வீடுகளுக்கான விதித்தொகுப்பு 2018-ல் வந்தது. அது இன்னும் கொத்தனாரைச் சந்திக்கவில்லை. கூரைக்கு வெள்ளைப் பூச்சோ ஓடோ போட வேண்டியவர் வீட்டுக்காரர். மின்கட்டணம் கட்டுபவர் குடித்தனக்காரர். செலவு ஒருவருக்கு, மிச்சம் இன்னொருவருக்கு என்றால் பூச்சு யார் கனவில் வரும்? வாடகைக்கு விடும் வீட்டுக்கு ஒரு நட்சத்திர வில்லை ஒட்டச் சொன்னால் சென்னையில் பாதித் தெருக்கள் இருண்ட வானமாகிவிடும்.

பெரிய ஆலைகள் பக்கம் ஆற்றல் சேமிப்பில் ஒரு தேர்வு நடந்தது. 2012 முதல் 2015 வரை 478 ஆலைகளுக்கு இலக்கு: சுமார் 67 லட்சம் டன் எண்ணெய்க்குச் சமமான சேமிப்பு. வந்தது சுமார் 87 லட்சம். பெரும்பாலோர் முதல் வகுப்பு வாங்கினால் பிள்ளைகள் கெட்டிக்காரர்களாக இருக்கலாம். கேள்வித்தாளையும் ஒருமுறை பார்ப்பது வழக்கம். கூடுதல் சேமிப்புக்கு 38 லட்சம் சான்றிதழ்கள் கிடைத்தன. தவறியவர்கள் வாங்க வேண்டியிருந்தவை 15 லட்சத்துக்கும் குறைவு. 2017-ல் அந்தச் சான்றிதழ்களுக்குச் சந்தை திறந்தபோது விலை என்ன ஆகியிருக்கும் என்பதைக் கோயம்பேட்டில் தக்காளி விற்பவரே சொல்வார்.

கடைசியாகப் பம்புசெட். கோவை நாட்டுக்கே பம்பு செய்து தரும் ஊர். தமிழ்நாட்டில் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. மீட்டர் இல்லை. கரண்ட் எப்போது வரும் என்று தெரியாததால் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு வைத்திருப்பார்கள். வந்ததும் மோட்டார் தானே ஓடும், தண்ணீர் தேவையா என்று யாரும் கேட்பதில்லை. வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் தாங்க வேண்டும், எரிந்தால் பக்கத்து ஊரிலேயே காயில் கட்ட வேண்டும். விவசாயி மோட்டாருக்குத் தரும் நட்சத்திரங்கள் இவை இரண்டும்தான். அதில் அவர் தவறு ஏதுமில்லை. நிலையான வோல்டேஜ் தராமல் திறன்மிக்க மோட்டார் வாங்கச் சொல்வது நியாயமா? மின்கட்டணம் மாநில விஷயம் என்று பணியகம் சொல்லும். மாநிலத்தைக் கேட்டால் தில்லியைக் காட்டும். தண்ணீர் இதற்கிடையில் இன்னும் நூறு அடி இறங்கிவிடும்.

எனவே மனுதாரர் பணிந்து கோருவது: இலவச யூனிட் தரும் அரசுகளோடு உட்கார்ந்து, நூறு யூனிட்டுக்குள் அடங்கும் வீடுகளுக்குப் பழைய விசிறியை வாங்கிக்கொண்டு பிஎல்டிசி கொடுக்கவும். செலவை மானிய மிச்சத்தில் கழிக்கவும். கூரைப் பூச்சையும் அதே டெண்டரில் சேர்க்கவும்.

இப்படிக்கு,
மனுதாரர்

இணைப்பு: மின்கட்டண ரசீது நகல் – 1.

நகல்: நிதித்துறைச் செயலாளர், தமிழ்நாடு அரசு. (மேலே சொன்ன 45 யூனிட் தங்களுடையது.)