160 சென்டிமீட்டர்

விமானத்தில் பெட்டியின் எடையைப் பார்ப்பார்கள். ஜப்பான் புல்லட் ரயிலில் அதன் அளவைப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்து ரயிலில் இரண்டையும் பார்க்க மாட்டார்கள். ஸ்லீப்பருக்கு 40 கிலோ, இரண்டாம் வகுப்புக்கு 35 கிலோ என்று ரயில்வே விதி இருப்பது வாஸ்தவம்தான். ஆனால் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறும் கல்யாண கோஷ்டியை நிறுத்தி, அண்டாவைத் தராசில் வைக்கச் சொன்ன டி.டி.இ.யை நான் பார்த்ததில்லை. நமக்கு ஒரே கணக்கு: "மொத்தம் எத்தனை உருப்படி?" பண்ருட்டியில் ஒரு தரம், விழுப்புரத்தில் ஒரு தரம் எண்ணிச் சரியாக இருந்தால் இறங்கும்வரை நிம்மதி.

இப்படி வளர்ந்த என்னிடம் கியோட்டோவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை போனில் சொன்னார்: "மாமா, பெட்டியோட நீளம், அகலம், உயரம் மூணையும் கூட்டிப் பாருங்க. 160 சென்டிமீட்டருக்கு மேல போனா கடைசி வரிசை சீட்டுதான் போடணும்."

டோக்கியோவிலிருந்து ஒசாகா வழியாக கியூஷூ வரை போகும் தடத்தில் 2020 மே மாதத்திலிருந்து இதுதான் நடைமுறை. கூட்டுத்தொகை 161 முதல் 250 வரை என்றால், பின்னால் பெட்டி வைக்க இடமுள்ள கடைசி வரிசை சீட்டை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் காசு இல்லை. பதிவு செய்யாமல் தூக்கிக்கொண்டு ஏறினால் 1,000 யென் தண்டம். 250-ஐத் தாண்டினால் ஏற்றவே முடியாது. விமானங்களில் பொதுவாக அனுமதிக்கும் அளவே 158 என்பதால் நியாயமான பெட்டி எதுவும் இதில் தேறிவிடும். எங்கள் பெட்டிக்கும் நியாயத்துக்கும் சம்பந்தமில்லை.

தையல் டேப்பால் அளந்தேன். காலியாக இருக்கும்போது 157. பிறகு என் மனைவி அடுக்க உட்கார்ந்தாள். பண்ருட்டி முந்திரி, வறுத்த மல்லாட்டை, கூழ்வடாம், சாம்பார்ப் பொடி, மூன்று பிளாஸ்டிக் உறைக்குள் நார்த்தங்காய் ஊறுகாய். பலாப்பழம் மட்டும் தப்பியது. தாவரச் சான்றிதழ் இல்லாத பச்சைக் காயையும் பழத்தையும் ஜப்பான் உள்ளே விடாது. கடைசி நேரத்தில் பெரியம்மா இரண்டு கிலோ சர்க்கரையோடு வந்து நின்றார். எங்கள் நெல்லிக்குப்பம் 1842-லேயே சர்க்கரை ஆலை கண்ட ஊர். "ஊர்ச் சக்கரை இல்லாம பொண்ணு எப்பிடி காப்பி குடிக்கும்? அங்கத்து சக்கரை இனிக்காதாமே!" யார் சொன்னார்கள் என்று கேட்கும் தைரியம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. பெட்டியின் இடுப்பைச் சுற்றியிருந்த கூடுதல் ஜிப்பைத் திறந்தோம். மறுபடி டேப் வைத்தேன். 163. கடைசி வரிசை சீட்டு உறுதியானது. 160-க்கு மேற்பட்ட மூன்று சென்டிமீட்டரும் பெரியம்மா உபயம்.

டோக்கியோவுக்கே அழைக்க வந்த மாப்பிள்ளை வேறொரு வழியும் வைத்திருந்தார். தக்யூபின் என்று ஒரு சேவை. யமாட்டோ நிறுவனம் 1976-ல் தொடங்கியது. ஓட்டலில் பெட்டியைக் கொடுத்தால் பெரும்பாலும் மறுநாள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். நாம் கைவீசிக்கொண்டு ரயிலேறலாம். ஜப்பான்காரர்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். என் மனைவி அந்தச் சேவையின் விளம்பரத் தாளை வாங்கிப் பார்த்தாள். கறுப்புப் பூனை ஒன்று குட்டியைக் கவ்விக்கொண்டு போகும் சின்னம்.

"ஏங்க, பூனை குறுக்க போனாலே வீட்டுக்குள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போறவங்க நாம. அது கையில பெட்டியையே குடுக்கிறதா?"

பேச்சு அதோடு முடிந்தது.

இசைக்கருவிக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் இந்தப் பதிவுக் கட்டாயம் கிடையாது. சிதம்பரத்துத் தவில்காரர் ஒருவர் தவிலோடு தாராளமாக ஏறலாம். ஊறுகாய்க்கு அந்த மரியாதை இல்லை.

கியோட்டோவில் ரயில் ஓரிரு நிமிஷம்தான் நிற்கும் என்று மாப்பிள்ளை கவலைப்பட்டார். நான் படவில்லை. நெல்லிக்குப்பத்தில் பாசஞ்சர் மட்டும் என்ன, அரை மணியா நிற்கிறது? ஒருவர் உள்ளே பாய்ந்து சீட்டில் துண்டைப் போட, மற்றவர் ஜன்னல் வழியாக மூட்டையைக் கொடுக்க, கிழவியையும் கோழியையும் ஏற்றிவிட்டு நாமும் தொற்றிக்கொள்ளும் பயிற்சி எங்களுக்குப் பால்குடியிலிருந்தே உண்டு; ஏறத் தெரிந்தவர்களுக்கு இறங்கத் தெரியாதா? என்ன, புல்லட் ரயிலில் ஜன்னல் திறக்காது. அவரவர் பெட்டியை அவரவரே தள்ளிக்கொண்டு வரிசையில் ஏற வேண்டும். சிவப்புச் சட்டைக்காரரும் கிடையாது.

உள்ளே போனதும் பெட்டியைக் கடைசி வரிசைக்குப் பின்னால் நிறுத்தினோம். மனைவி கைப்பையிலிருந்து சங்கிலியை எடுத்தாள். நம் ரயிலில் கூவிக் கூவி விற்பார்களே, சின்னப் பூட்டும் இரண்டு சாவியும் சேர்ந்தது, அதேதான். கைப்பிடியில் கோத்து சீட்டுக் காலில் சுற்றிப் பூட்டி, இரண்டு முறை இழுத்தும் பார்த்தாள். கண்டக்டர் கதவருகே நின்று எல்லோருக்கும் குனிந்து வணக்கம் சொன்னார். பிறகு சங்கிலியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது இன்னொரு தரம் குனிந்தார்; அது எங்களுக்கா பூட்டுக்கா என்பது தெரியவில்லை.

வண்டி 285 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. வலப்பக்கம் ஃபூஜி மலை பனித்தொப்பியோடு முழுசாகத் தெரிந்தது. கோச்சே போனைத் தூக்கிப் படமெடுத்தது. என் மனைவி பின்பக்கம் திரும்பிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளைப் பார்க்க ஜப்பான் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெட்டியை அடுக்கி முடித்த பிறகு அளந்து பாருங்கள், காலிப் பெட்டியை அளந்து பிரயோஜனமில்லை. 160-ஐத் தாண்டினால் டிக்கெட் போடும்போதே கடைசி வரிசையைக் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை அங்கேயே கிடைக்கிறது. நன்றாகவே இனிக்கிறது.