வண்டிக்குப் பின்னால் அந்த ஓட்டை

ஹூஸ்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

என் பிக்கப் வண்டியின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "பம்பருக்குக் கீழே சதுரமா என்னடா ஓட்டை?" என்று கேட்டிருந்தீர்கள். சித்தி கேட்டது, "லாரி ஓட்டத்தான் அமெரிக்கா போனானா?" இரண்டுக்கும் சேர்த்தே பதில்.

அந்த ஓட்டைக்குப் பெயர் ரிசீவர். டிரெய்லர் மாட்டுகிற இடம். சின்னக் காருக்கு ஒன்றேகால் அங்குலம், சாதாரண வண்டிக்கு 2, கனரக பிக்கப்புக்கு இரண்டரை, அதிலும் பெரியதற்கு 3. என்னுடையது 3. எங்கள் தெருவில் இவ்வளவு பெரிய ஓட்டை யாரிடமும் இல்லை. நம் உத்தர வீதியில் நாலு பேரிடம் சொல்லிவைக்கவும்.

போன சனிக்கிழமை நண்பன் ஒருவன் வீடு மாற்றினான். பிக்கப் வைத்திருப்பவனுக்கு இங்கே நண்பர்கள் ஜாஸ்தி. எல்லோரும் வீடு மாற்றுகிறவர்கள். அவன் கொண்டுவந்த இழுவைக் கட்டை 2 அங்குலம். ஆகவே 3-க்குள் இரண்டரை அங்குல உறை, அதற்குள் 2 அங்குல உறை, அதற்குள் கட்டை. சப்த பிராகாரம் தாண்டிப் பெருமாளைச் சேவிக்கிற மாதிரி. எல்லாவற்றின் பக்க ஓட்டையும் நேர்கோட்டில் நின்றால்தான் குறுக்கே செருகுகிற பின் உள்ளே போகும். பின் மட்டும் முக்கால்வாசி வண்டிகளுக்கு ஒரே அளவு, எட்டில் ஐந்து அங்குலம். யாரோ அசந்த நேரத்தில் ஒத்துப்போயிருக்கிறார்கள்.

கிளம்பினால் கடகடவென்று ஆட்டம். உறைக்கும் உறைக்கும் நடுவே நூலளவு இடைவெளி. அந்தச் சத்தத்தை நிறுத்த ஒரு கிளாம்ப், தனி விலை. பின்னுக்குப் பூட்டு, தனி விலை. ஒன்றும் மாட்டாத நாளில் ஓட்டையை மூட ஒரு மூடி. அதில் கால்பந்து அணியின் சின்னம் வேண்டுமானால் அதற்கு ஒரு விலை. ஓட்டை மட்டும்தான் வண்டியோடு வந்தது.

இன்னும், கட்டை நுனியில் டிரெய்லரின் வாய் வந்து உட்காருகிற குண்டு இருக்கிறது. ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலம், 2, இரண்டே கால் சொச்சம் என்று மூன்று அளவு. பெரிய வாய்க்குச் சின்னக் குண்டு போட்டால் பூட்டின மாதிரியே இருக்கும், முதல் பள்ளத்தில் கழன்றுகொள்ளும். அதற்காகத்தான் அடியில் பெருக்கல் குறியாக இரண்டு சங்கிலி. டிரெய்லரின் மூக்கு விழுந்தாலும் ரோட்டில் இடிக்காமல் தாங்கும். விளக்கு ஒயரிலும் வண்டியில் ஏழு முனை, டிரெய்லரில் நாலு முனை. அதற்கும் ஒரு அடாப்டர்! இவ்வளவுக்கும் பிறகு, வரிசையில் எது நோஞ்சானோ அது தாங்குகிற எடைதான் கணக்கு. குண்டில் 6,000 பவுண்டு என்று பொறித்திருந்தால் என் 3 அங்குலப் பெருமை எல்லாம் வீண்.

பொன்மலை ரயில் பட்டறையில் நீங்கள் பார்க்காததா? டீசல் எஞ்சின் மூக்கில் ஒரே டிரான்சிஷன் கப்ளர். நகக் கப்ளிங் பெட்டி வந்தாலும் சரி, ஸ்க்ரூ கப்ளிங் பெட்டி வந்தாலும் சரி, மாட்டிக்கொண்டு போய்விடும். 1928-ல் நாகப்பட்டினத்துப் பட்டறையையே பெயர்த்துப் பொன்மலையில் வைத்தார்கள். இங்கே ஒரு சோபா நகர அரை நாள்.

தில்லைநகரிலிருந்து நாம் வீடு மாற்றியபோது ஒரு குட்டியானை, ஒரு கட்டுக் கயிறு, பீரோ மேல் உட்கார்ந்துகொண்டு காவிரிப் பாலம் தாண்டிய இரண்டு பையன்கள். கூடவே, "இந்தப் பக்கம் முடிச்சுப் போடு" என்று சொல்ல அரைத் தெரு. நான் வாசலில் மல்லாந்து கிடந்து பின்னோடு மல்லுக்கட்டுகிறேன்; எதிர்வீட்டுக்காரர் கையை ஆட்டிவிட்டு உள்ளே போகிறார். யோசனை சொல்ல ஓர் ஆள் இல்லை சித்தப்பா. அதிகப்பிரசங்கி ஒருவராவது வரமாட்டாரா என்று இருக்கிறது.

ஆகவே உடனே பதில் போடவும். அந்த ஆட்டத்துக்குத் தகடு வைத்து அடிக்கலாமா? திட்டுவதானால் கொஞ்சம் விரிவாகவே திட்டவும்.

சித்தியிடம் சொல்லுங்கள்: திங்கள் முதல் வெள்ளி வரை கம்ப்யூட்டர்தான். லாரி சனி, ஞாயிறு மட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ரங்கன்