வாசல் முன் இரண்டடி: தாம்பரம் லைன் பழமைவாதி குறித்து ஓர் ஆய்வு

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக்கல் குழியிலிருந்து நிலவியல் துறை அதிகாரி ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கல்லைப் பொறுக்கினார். மனிதன் கைபட்டுச் செதுக்கிய கல். பழைய கற்கால மனிதன் இந்தியாவில் வாழ்ந்தான் என்பதற்கு அடையாளம் காணப்பட்ட முதல் சான்றுகளில் ஒன்றாக அது வரலாற்றில் ஏறிவிட்டது. மான் அடிக்க, கிழங்கு தோண்ட, தோல் உரிக்க என்று இத்தகைய கற்களுக்குப் பல பயன்களை அறிஞர்கள் சொல்வதுண்டு. ஆனால் இன்று பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை எந்தக் குறுக்குத் தெருவில் நுழைந்தாலும், வீட்டு வாசலுக்கு முன்னால், தார்ச்சாலையின் மேலேயே, இரண்டு பெரிய கற்கள் கிடப்பதைப் பார்க்கலாம். அடுத்தவர் வண்டி நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக வைக்கப்பட்டவை. ஃபுட் துரை கண்டெடுத்ததும் இந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்ற கருதுகோளை இக்கட்டுரை பணிவுடன் முன்வைக்கிறது. தொல்லியலாளர்கள் அவசரப்பட்டு மறுக்க வேண்டாம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட உயிர், புறநகர்ப் பழமைவாதி. இனி, பு.ப. இந்த இனம் தழைக்க வழி பிறந்தது 1931 மே மாதம், கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது. ஆபீஸ் பட்டணத்தில், அரை கிரவுண்டு மனை பட்டணத்துக்கு வெளியே என்று ஒரு வாழ்க்கையைக் கணக்குப் போட முடிந்தது அதன்பிறகுதான். குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது ஒரு தோல் பதனிடும் கம்பெனி. அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்துக்குப் பெயர் தந்தது, டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை. ஒருபுறம் தோல் கம்பெனி, மறுபுறம் காசநோய் மருத்துவமனை என்ற நிலையில் நடுவே மனை வாங்கியவர்கள் சொன்ன காரணம், “காத்து நல்லா இருக்கும் சார்.” ஜி.எஸ்.டி. சாலையில் இன்று லாரிகள் விடும் புகைக்கு நடுவிலும் அந்தக் காரணம் அப்படியே இருக்கிறது. காற்றுதான் மாறிவிட்டது, கருத்து மாறவில்லை.

பு.ப.வுக்குப் பெயர் தேவைப்படுவதில்லை. பேங்க் சார், டெலிபோன்ஸ் சார், ஹெட்மாஸ்டர் சார் என்று ஓய்வுபெற்ற வேலையே பெயராகத் தங்கிவிடுகிறது. சாரின் மனைவி, ஹெட்மாஸ்டர் சார் வீட்டு ஆன்ட்டி. வயதைக் கணிக்கத் தொல்லியல் முறைகள் அவசியமில்லை. வேலையில் சேர்ந்த தேதியைக் கேட்டால் போதும். தமிழ்நாட்டு அரசுப் பணி என்றால் 2003 ஏப்ரல் 1, மத்திய அரசுப் பணி என்றால் 2004 ஜனவரி 1. அந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம் சேர்ந்தவருக்குப் பழைய பென்ஷன். இந்தப்பக்கம் சேர்ந்தவருக்கு வேறு கதை. நிலவியலில் டைனோசர் அடுக்குக்கும் பிந்தைய அடுக்குக்கும் இடையே ஒரு கோடு ஓடுமே, கிட்டத்தட்ட அத்தனை முக்கியமான கோடு இது. கோட்டுக்கு அந்தப்பக்கத்தவரே கலப்பற்ற பு.ப.

அவருடைய அரசியல் மரபு கௌரவமானது. ராஜாஜி 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, பெர்மிட் – லைசென்ஸ் – கோட்டா ராஜ்யத்தை எதிர்த்தார். 1967 தேர்தலில் நாடாளுமன்றத்தில் 44 இடங்கள் பிடித்த அந்தக் கட்சி, பத்தாண்டு முடிவதற்குள் கரைந்தே போய்விட்டது. கட்சி கரைந்தாலும் கருத்து கரையாமல் ‘துக்ளக்’ சந்தாவாகவும் காலை நடைப்பேச்சாகவும் இந்த லைனில் தங்கியது. அரசாங்கம் எதிலும் தலையிடக் கூடாது என்பது பு.ப.வின் அடிப்படைக் கொள்கை. அந்தக் கொள்கையை அவர் முப்பத்தைந்து வருஷம் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து உருவாக்கினார். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், வட்டி 8.2 சதவீதம் என்று அரசாங்கம் தலையிட்டு அறிவித்தபோது, மறுநாள் காலையே தபால் நிலைய வரிசையில் நின்று எதிர்ப்பைத் தெரிவித்தார்.

கட்சி என்ன என்று கேட்டால் எல்லாரும் சொல்வது ஒன்றே: “கட்சியெல்லாம் கிடையாது சார். நல்லது யார் செஞ்சாலும் ஆதரிப்பேன்.” அப்படி ஆதரிக்கும்படி இதுவரை யாரும் நல்லது செய்ததாகக் களப்பணியில் தரவு கிடைக்கவில்லை.

பு.ப. எதைப் பாதுகாக்கிறார் என்பதே இந்த ஆய்வின் மையக் கேள்வி. மரபு, பண்பாடு, தேசம் என்று அவர் சொல்லலாம். சான்றுகள் காட்டுவது வேறு. அவர் கண்ணும் கருத்துமாகப் பாதுகாப்பது, கேட்டுக்கு வெளியே தெருவில் இருக்கும் இரண்டடி. பத்திரப்படி அது அவருடையது அல்ல என்பதால்தான் அதற்கு அத்தனை காவல் தேவைப்படுகிறது. வீட்டுக்குள் இருக்கும் ஆயிரத்து இருநூறு சதுர அடியை யார் எடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள்?

காவலின் முதல் கட்டம் கல். இரண்டாவது, மண்ணும் குரோட்டன்ஸும் நிரம்பிய பழைய பெயின்ட் டப்பா. மூன்றாவது, ‘நோ பார்க்கிங்’ தகரம். இந்தத் தகரத்தை எந்தப் பு.ப.வும் காசு கொடுத்து வாங்கியதில்லை. பல் மருத்துவமனை, நீட் பயிற்சி மையம், வீடு மாற்றிக் கொடுப்பவர்கள் என யாரோ இரவோடிரவாகக் கேட்டில் கட்டிவிட்டுப் போகிறார்கள். மேலே சிவப்பு வட்டம். கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் கைபேசி எண். தனியார் கேட்டில் தொங்கும் தகரத்துக்குப் பொதுச்சாலையில் சட்ட வலு எதுவும் கிடையாது. இருந்தும், சட்டப் புத்தகத்தில் ஒருவரி படிக்காத கால்டாக்ஸி ஓட்டுநர்கூட இந்தப் பல் டாக்டரின் ஆணைக்குக் கட்டுப்பட்டு நாலடி தள்ளி நிறுத்துகிறார். அதிகாரம் எங்கிருந்து பிறக்கிறது என்று அரசியல் தத்துவம் படிப்பவர்கள் ஒருமுறை குரோம்பேட்டை ராதா நகர் பக்கம் வந்துபோவது நல்லது.

தகரத்துக்கும் அடங்காதவர் வந்தால் உரையாடல் நடக்கும். அதற்கு எழுதப்படாத இலக்கணம் உண்டு.

“சார், வண்டி யாருது சார்?”

“நம்மளுதுதான் சார். அஞ்சு நிமிஷம்.”

“இல்ல சார், ஆம்புலன்ஸ் வந்தா...”

ஆம்புலன்ஸ் என்பது பு.ப.வின் கடைசி அஸ்திரம். அதற்கு மேல் மனிதாபிமானத்துக்கு எதிராக யாரும் வாதாட முடியாது. ‘அஞ்சு நிமிஷம்’ என்பதோ நாற்பது நிமிடத்துக்கும் இரண்டரை மணி நேரத்துக்கும் இடைப்பட்ட ஓர் அளவை. கல்யாண மண்டபம் பக்கத்திலிருந்தால் தாலி கட்டிப் பந்தி முடியும் வரை நீளக்கூடியது.

காவலின் உச்ச வடிவம் சரிவுமேடை. கார் ஏறி உள்ளே போக வசதியாகக் கேட்டிலிருந்து சாலைக்குள் இறங்கும் சிமென்ட் சறுக்கல். இது நியாயமான தேவையிலிருந்து பிறந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். புறநகர்ச் சாலை ஒவ்வொரு முறை போடப்படும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடுத்த அடுக்கு விழுந்தது. 1985இல் மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இன்று இரண்டு படி இறங்கி நுழைய வேண்டியிருக்கிறது. குறுக்காக வெட்டிப் பார்த்தால் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு தார் அடுக்கு தெரியும். காலத்தைக் கணிக்கக் கார்பன் சோதனை வேண்டியதில்லை. பழைய அடுக்கைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தியபோது, பு.ப. வரலாற்றிலேயே ஓர் அரசுக் கடிதம் முதல்முறையாகப் பாராட்டு பெற்றது. அதற்குள் பலர் வேறு வழி தேடிவிட்டார்கள். ஹரியானாவிலிருந்து வரும் தொழிலாளர்கள் அஸ்திவாரத்தை அறுத்து, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை அடியில் கொடுத்து, வீட்டை அப்படியே மூன்று நான்கு அடி தூக்கிவிடுகிறார்கள். நாற்பது வருஷமாகக் காபிப்பொடிக் கடையை மாற்றாதவர், தான் குடியிருக்கும் வீட்டை அந்தரத்தில் தூக்கி நிறுத்தச் சம்மதிக்கிறார். மேலும் கீழும் போகலாம். இடம் மட்டும் மாறக் கூடாது. பழமைவாதத்துக்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை இலக்கியத்தில் காண்பது அரிது.

இனி கருத்துகள். பு.ப.வின் கருத்துக் களஞ்சியம் பெரிது. ஆழ அகலமானது வெள்ளம் பற்றியதே. 2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு வீட்டுக்குள் வந்தது. அந்தத் துயரத்தில் வேடிக்கை ஏதுமில்லை. வேடிக்கை அதன்பிறகு வந்தது. மனை விற்பவர், வாடகைக்கு விடுபவர், பெண்ணுக்கு வரன் பார்ப்பவர் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: “பதினஞ்சுலகூட நம்ம தெருவுல தண்ணி நிக்கல சார், அடுத்த தெருதான்.” அடுத்த தெருவுக்குப் போய் விசாரித்தால் அங்கே அதற்கடுத்த தெருவைக் கைகாட்டுகிறார்கள். இப்படியே தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டு போகும் ஆய்வாளர் கடைசியில் ஏரிக்கரையில் வந்து நிற்பார். அங்கே நிற்பது தண்ணீர் என்பதை ஏரியால் மறுக்க முடிவதில்லை.

ஏரி விஷயத்தில் பு.ப.வைக் கிண்டல் செய்ய முடியாது. 2019 கோடையில் சென்னையே குடத்தோடு அலைந்தபோது சிட்லபாக்கம் ஏரியில் அந்தப் பகுதிக் குடியிருப்போர் வார இறுதிகளில் மண்வெட்டியோடு இறங்கிக் குப்பையும் சேறும் அள்ளினார்கள். ஏரி ஆக்கிரமிப்பை எதிர்த்து மனு மேல் மனு போட்டவர்களும் இத்தகையவர்கள்தான். அதே மனுதாரர்தான் மழைநீர் வடிகால் தோண்ட வந்த மாநகராட்சி ஊழியரிடம், “சரிவுமேடைய மட்டும் விட்டுட்டுத் தோண்டுங்க தம்பி” என்கிறார். முரண்பாடு என்று இதைச் சொல்லக் கூடாது. ஏரி ஊருக்குச் சொந்தம், இரண்டடி வீட்டுக்குச் சொந்தம். இரண்டையும் அரசாங்கத்திடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்பதில் அவர் ஒரே நிலையில்தான் நிற்கிறார்.

பேருந்து நிலையம் அடுத்த பொருள். 2002இல் வெளியூர்ப் பேருந்துகள் பாரிமுனையை விட்டுக் கோயம்பேட்டுக்குப் போனபோது, “அவ்வளவு தூரம் யார் போவாங்க?” என்றார் பு.ப. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் திறந்தபோதும் அதே கேள்வியைக் கேட்டார். தாம்பரத்துக்காரருக்குக் கோயம்பேட்டைவிடக் கிளாம்பாக்கம் மிகப் பக்கம் என்பது இந்த வாதத்தைச் சிறிதும் பாதிக்கவில்லை. ஆய்வு இதிலிருந்து ஒரு விதியைப் பெறுகிறது: இன்று எதிர்க்கப்படும் மாற்றம், இருபது வருஷத்தில் காப்பாற்றப்பட வேண்டிய மரபாகும். கிளாம்பாக்கத்தை எங்காவது மாற்றப் போனால், “எவ்வளவு வசதியா இருந்தது சார்” என்று முதலில் சொல்லப்போகிறவரும் இவரே.

சொத்துவரி பற்றித் தனி நூலே எழுதலாம். 2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. மறுவருஷம் மாநிலம் முழுக்க வரி 25 முதல் 150 சதவீதம் வரை ஏறியது. மாநகராட்சி என்றதும் மனை விலை ஏறியதை அவர் வரவேற்றார். வரி ஏறியதை எதிர்த்தார். இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

வார இறுதிப் பொழுதுகள் பற்றி. ஓய்வுபெற்றவருக்கு வார இறுதி வெள்ளியன்றே தொடங்குகிறது, பல்லாவரம் சந்தையில். ரோஜாச் செடி, பழைய சைக்கிள், யாரோ கழற்றிப்போட்ட கம்ப்யூட்டர், துருப்பிடித்த ஸ்பானர் எல்லாம் கிடைக்கும். பு.ப. ஸ்பானரைக் கையில் எடுத்து எடை பார்த்து, “இந்த மாதிரி இப்பல்லாம் வர்றதில்ல” என்று சொல்லிவிட்டு, வாங்காமல் வருகிறார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரு பகுதியினர் கறிக்கடை வரிசையிலும், மறுபகுதியினர் பெருமாள் கோயில் பொங்கல் வரிசையிலும் நிற்கிறார்கள். இரண்டு வரிசையிலும் பேச்சு பேட்டரி பற்றியது. ஏனெனில் ஒன்பது மணிக்கு அந்த வாரத்தின் முக்கியச் சடங்கு இருக்கிறது. காரின் உறையை இருவர் சேர்ந்து வேட்டி மடிப்பதுபோல் மடித்து வைத்து, வண்டியை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் அதே இடத்தில் ஓடவிட்டு, அணைத்து, மறுபடி உறை போடுகிறார்கள். “எங்க சார் கிளம்பிட்டீங்க?” என்றால், “எங்கயும் இல்ல, பேட்டரி இறங்கிடும்.”

பிறகு கிரிக்கெட். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியா – ஆஸ்திரேலியா டெஸ்ட் டை ஆனது. 348 வேண்டும், 347இல் எல்லாரும் அவுட். கடைசி ஓவர், மணிந்தர் சிங், எல்.பி.டபிள்யூ. இந்த லைனில் அறுபதைத் தாண்டிய ஆண்மக்கள் அநேகமாக எல்லாருமே அந்தக் கடைசி நாளை நேரில் பார்த்திருக்கிறார்கள். அது திங்கட்கிழமை. வங்கியும் டெலிபோன்ஸும் தலைமைச் செயலகமும் அன்று எப்படி இயங்கின என்பது தமிழ்நாட்டு நிர்வாக வரலாற்றில் இன்னும் ஆராயப்படாத பக்கம்.

பு.ப.வின் எதிர்காலம் குறித்துத் தற்போது கிடைக்கும் தரவு ஒன்றே. பெங்களூரில் இருக்கும் மகன் ஞாயிறு மாலை போன் செய்கிறான். பில்டரிடம் கூட்டுக் கட்டுமானத்துக்கு (ஜே.வி.) கொடுத்தால் இரண்டு ஃபிளாட்டும் கொஞ்சம் ரொக்கமும் வரும் என்கிறான். அப்பா மூன்று வருஷம் மறுக்கிறார். பிறகு கையெழுத்துப் போடுகிறார். தூக்கி நிறுத்திய வீடு இடிகிறது, சரிவுமேடை போகிறது, அந்த இடத்தில் நாலு மாடி வருகிறது. ஸ்டில்ட்டில் எட்டுக் கார் நிற்கலாம், வீடு பத்து. குடியிருப்போர் சங்கத்தின் முதல் கூட்டத்தில் யாரும் கேட்காமலேயே செயலாளர் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார் பேங்க் சார். முதல் தீர்மானம், விருந்தினர் வண்டி உள்ளே வரக் கூடாது. வெளியே, தெருவில் விட்டுக்கொள்ளட்டும். எதிர்வீட்டு டெலிபோன்ஸ் சார் அன்று சாயங்காலமே இரண்டு கல் கொண்டுவந்து போட்டார்.