24 பாகைக் கடுங்குளிர்

இலங்கைச் சந்தையில் 'ரீகண்டிஷன்' எனப்படும் கார், ஜப்பானில் ஒருவர் சில காலம் ஓட்டி விற்றபின் மெருகேற்றப்பட்டுக் கப்பலேறி வருவதாகையால், அது தான் பிறந்த நாட்டின் தட்பவெப்பக் கவலைகள் அனைத்தையும் டாஷ்போர்ட்டில் சுமந்துகொண்டே வருகிறது. பக்கக் கண்ணாடியைச் சூடாக்கும் பொத்தான், பனிச்சேற்றில் சில்லு வழுக்காதிருக்க எஞ்சினின் வலுவைத் தணிக்கும் 'ஸ்னோ' பொத்தான், ஆசனத்தின் அடியில் வெப்பக் கம்பி, வெளிவெப்பநிலை 3 அல்லது 4 பாகை செல்சியசுக்கு இறங்கியதும் வீதியில் உறைபனி படிந்திருக்கக்கூடும் என மினுங்கும் பனித்துகட் குறி ஆகியவற்றில் ஒன்றிரண்டேனும் இல்லாத கார் அரிது. ஹொக்கைடோ போன்ற வடபகுதிகளுக்கென 'குளிர்ப்பிரதேச அமைப்பு' என்ற தனித் தெரிவே அந்நாட்டில் விற்கப்படுகிறது. பெரிய பற்றரியும், மழைத்துடைப்பான் கண்ணாடியோடு உறைந்து ஒட்டாதிருக்க ஒரு வெப்பமூட்டியும் அதில் அடங்கும். இத்தனை ஆயத்தங்களோடு வந்திறங்கும் கார் தன் எஞ்சிய வாழ்நாளை உவர்மலைக்கும் உப்புவெளிக்கும் இடையே, கன்னியாவில் நிலமே வெந்நீர் சுரக்கும் திருகோணமலை மாவட்டத்தில் கழிக்கிறது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டதன்பின், 'லேர்னர்ஸ்' எனப் பேச்சில் வழங்கும் சாரதிப் பயிற்சிப் பாடசாலைகளில் அரைக் கிளச்சும் பின்னோக்கிச் செலுத்துதலும் மட்டும் கற்று வெளியேறிய புதிய சாரதிகள் பலர் இத்தகைய டாஷ்போர்ட்டின் முன் அமர்ந்திருக்கின்றனர். அவர்களின் பொருட்டு எச்சரிக்கை விளக்குகளை முறைப்படி வகுத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆயினும் அதற்குமுன் நீல விளக்கைப் பற்றிச் சிறிது கூற வேண்டியுள்ளது. ஏனெனில் கடந்த மார்கழி தொடக்கம் நகரின் ஓர் ஒழுங்கையில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நிகழ்த்தப்பட்டுவரும் ஒரு கிரியையின் புகை, அடுத்த வீட்டு யன்னல் திரையிலிருந்து இன்னும் நீங்கியபாடில்லை.

எஞ்சினைச் சுற்றி ஓடி அதன் வெப்பத்தை ரேடியேற்றருக்குக் கொண்டுசெல்லும் திரவம் குளிர்விப்பு நீர் எனப்படும். முன்னைய கார்களில் அதன் வெப்பநிலையைக் காட்ட முள்ளுடன் கூடிய மானியொன்று இருந்தது. பல சிறிய கார்களில் அம்மானியை நீக்கி இரண்டு விளக்குகளை வைத்தனர். நீர் இன்னும் போதிய அளவு சூடேறவில்லை என்பதற்கு நீலமும், அளவுக்கு மிஞ்சிச் சூடேறிவிட்டது என்பதற்குச் சிவப்பும் எரியும். ஆகவே நீலம் ஓர் அபாய அறிவித்தல் அன்று. எஞ்சின் இப்போதுதான் இயங்கத் தொடங்கியது என்ற, திறப்பைத் திருகிய சாரதிக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியையே அது அவருக்குத் திரும்பச் சொல்கிறது. அவ்விளக்கு அணையும்வரை எஞ்சினை உச்சச் சுழற்சிக்குக் கொண்டுபோகாது மெல்ல ஓட்டிச் செல்ல வேண்டும் என்பதே விதி. 'ஓட்டிச் செல்ல' என்ற இவ்விடத்திலேயே திருகோணமலை மரபு விதியிலிருந்து பிரிந்து செல்கிறது.

மரபின்படி நீலம் எரியும்போது கார் அசையலாகாது. முதலில் படலை திறக்கப்படும்; பின் எஞ்சின் இயக்கப்படும்; காதுகளை மூடும் கம்பளித் தொப்பியணிந்த உரிமையாளர் கதவைத் திறந்தபடியே விட்டு இறங்கி, காரை ஒருமுறை சுற்றி வந்து, ஒவ்வொரு டயரையும் காலால் மெல்ல உதைத்துப் பார்த்து, கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு, தேநீருக்காக வீட்டினுள் செல்வார். தேநீர் முடிந்து திரும்பியதும், விளக்கு இன்னும் எரிவதைக் கண்டு, வெளியில் நின்றபடியே ஒரு காலை உள்ளே நீட்டி அக்சலறேற்றரை மிதித்து எஞ்சினை உறுமச் செய்வார். இவ்வுறுமல் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுவரிசையில் அமையும். கடைசி உறுமலில் ஒழுங்கையின் நாய்கள் கலந்துகொள்ளும். நீல விளக்கு தடுக்க முயல்வது, குளிர்ந்த எஞ்சினை வேகமாகச் சுழற்றும் இந்த ஒரே ஒரு செயலைத்தான் என்பது இங்கு கருதத்தக்கது. மேலும், நின்ற நிலையில் இயங்கும் எஞ்சின் மிகக் குறைந்த வேலையே செய்வதால் மிகக் குறைந்த வெப்பத்தையே உண்டாக்குகிறது. அதனால் விளக்கு அணையட்டும் எனக் காத்திருப்பவர், காத்திருப்பதன் மூலமாகவே அது எரியும் நேரத்தை நீட்டித்துக்கொண்டிருக்கிறார். மெல்ல ஓட்டத் தொடங்கியிருப்பின், கார் மணிக்கூட்டுக் கோபுரத்தை அடைவதற்குள் விளக்கு அணைந்திருக்கும். கார் படலையைத் தாண்டாமலிருக்க, ஒழுங்கை முழுவதும் விழித்துவிட்டிருக்கும்.

நீதியின்பொருட்டு இம்மரபின் வேரையும் குறிப்பிட வேண்டும். மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் ஓடிய காலத்தில் பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பியது காபரேற்றர் என்னும் கருவியாகும். குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் நன்கு ஆவியாகாது ஆகையால், 'சோக்' எனப்பட்ட குமிழை இழுத்துக் காற்றைக் குறைத்து, பெற்றோல் மிகுந்த கலவையை ஊட்டிச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைய கார்களில் உணரிகள் வெப்பநிலையை அறிந்து கொடுக்கும் தகவலின்படி, எவ்வளவு பெற்றோல் பீய்ச்ச வேண்டும் என்பதை ஒரு கணினி தானே தீர்மானிக்கிறது. குமிழ் போய்விட்டது, பெரியப்பாவிடமிருந்து மகனுக்கும் மகனிடமிருந்து மருமகனுக்கும் கையளிக்கப்பட்ட "கொஞ்சம் சூடேறட்டும் தம்பி" என்ற வாக்கியம் மட்டும் போகவில்லை. ஹைபிரிட் கார்களில் இதன் பயன் இன்னும் நுட்பமானது. அவற்றில் எஞ்சின் தேவையான அளவு தானே இயங்கித் தானே ஓய்ந்துவிடும். ஓய்ந்ததும், கார் இறந்துவிட்டதெனக் கலங்கி அதை மீண்டும் எழுப்ப முயலும் உரிமையாளர்களை இக்கட்டுரையாளர் மதிலுக்கு மேலாக ஆய்வுநோக்கில் அவதானித்துள்ளார்.

எண்ணெய் கெட்டியாகிவிடும் என்பது கிரியையாளர்களின் அடுத்த வாதம். எண்ணெய்க் கொள்கலன்களில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என அச்சிடப்பட்டிருப்பதில் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னுள்ள எண் கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதைக் காட்டும் தரம். 0டபிள்யூ என்ற தரத்தைப் பெற வேண்டுமாயின், −35 பாகை செல்சியசிலும் எஞ்சின் சுழலக்கூடிய அளவுக்கு அவ்வெண்ணெய் இளகியிருப்பதைச் சோதனையில் நிறுவ வேண்டும். திருகோணமலையின் தை மாத விடியல் ஏறத்தாழ 24 பாகை. அதாவது எண்ணெயின் பொறுமை எல்லைக்கும் ஒழுங்கையின் கடுங்குளிருக்கும் இடையே ஏறத்தாழ 60 பாகை இடைவெளி உள்ளது. நாட்டில் தரையுறைபனி காணும் ஊர் எனப் பெயர்பெற்ற நுவரெலியாவிலிருந்து வரும் ஒருவர், தொப்பியணிந்த இவ்வுரிமையாளரைக் கண்டால் காய்ச்சலா என விசாரிக்கக்கூடும்.

திருகோணமலையில் குளிரே இல்லை எனச் சாதிப்பது இங்கு நோக்கமன்று. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் இறந்தன. வெயிலுக்குப் பழகிய, ஒதுங்க இடமற்ற கால்நடைகளுக்கு அது மெய்யான குளிர். இரும்புக்கும் அலுமினியத்துக்கும் அது குளிரன்று. அதே ஆண்டு வேறொரு சோதனையையும் நாட்டின்மீது நடத்திச் சென்றது. எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டை முறை வந்து, காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், மோட்டார்சைக்கிளுக்கு 4 லீற்றர் எனப் பங்கிடப்பட்ட நாட்களில், சூடேற்றும் சத்தம் எந்த ஒழுங்கையிலிருந்தும் எழவில்லை. திறப்பைத் திருகிய கையோடு கார்கள் புறப்பட்டன. சூடேற்றப்படாத குற்றத்துக்காக எஞ்சின் செத்த கார் எதுவும் நகரின் கராஜ்களுக்கு இழுத்து வரப்பட்டதாகத் தெரியவில்லை. பங்கீடு நீங்கியதும் எஞ்சின்களுக்கு மீண்டும் குளிரத் தொடங்கிற்று. பெற்றோல் விலையோடு சேர்ந்து ஏறி இறங்கும் இத்தகைய குளிரை வானிலை ஆய்வாளர்கள் இன்னும் வகைப்படுத்தவில்லை.

இவ்வாறு நீலம் தனக்குரிய பக்கங்களைத் தாண்டிச் சென்றுவிட்டமையால், டயர்க் காற்றழுத்த விளக்கு முதலியவற்றைச் சுருக்கமாகவே தொட முடியும். வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறையும்போது டயரின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ ஓர் இறாத்தல் குறையும் என்பது உண்மை. ஆனால் திருகோணமலையின் பகலுக்கும் இரவுக்கும் இடையே அந்த அளவைத் தாண்டி அதிகம் எதுவும் நேர்வதில்லை, எனவே இங்கு அவ்விளக்கு எரிந்தால் குளிரைக் குற்றஞ்சாட்டாது ஆணியைத் தேடுவதே முறை. காரை இயக்கியதும் ஜப்பானிய மொழியில் இனிமையாகப் பேசும் பெண்குரலைக் காலை வணக்கமெனக் கொண்டு மகிழ்வோர் உளர். அக்குரல் பெரும்பாலும், ஜப்பானின் அதிவேக வீதிகளில் கட்டணம் செலுத்துவதற்கான அட்டை செருகப்படவில்லை என்றே முறையிடுகிறது. அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

சிவப்பு விளக்குகள் அவ்வாறானவை அல்ல. எண்ணெய்க் குவளை வடிவில் சிவப்பு எரிந்தால் எண்ணெய் அழுத்தம் குன்றியுள்ளது என்று பொருள். ஓரமாக நிறுத்தி எஞ்சினை உடனே அணைக்க வேண்டும், வீடு கிட்ட இருக்கிறது என்ற சமாதானம் எஞ்சினுக்குப் புரியாது. மஞ்சளில் எரியும் எஞ்சின் குறி நிலையாக எரிந்தால் அடுத்த சில நாட்களுக்குள் கராஜில் காட்டலாம். பற்றரி வயரைக் கழற்றி மாட்டி விளக்கை மட்டும் அணைப்பது பழுதுபார்த்தல் ஆகாது. நீலத்துக்குச் செய்ய வேண்டியது புறப்படுவது ஒன்றே. புறப்பட மனமில்லாதோர், புகைக்குழாயேனும் தம் சொந்தப் படுக்கையறையை நோக்கியிருக்குமாறு காரை நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். நகர வீதிகளில் குறுக்கிடும் புள்ளிமான்களுக்கும், கந்தளாய்க்கு அப்பால் ஹபரணை வீதியில் இரவில் நிற்கும் யானைகளுக்கும் எந்த டாஷ்போர்ட்டிலும் விளக்கு இல்லை. அவற்றை முன்கண்ணாடியூடாகப் பார்த்தே அறிய வேண்டும்.