ஜீரோ டிஃபெக்ட் சார்

இவர் புராஜெக்டில் செவ்-1 பக், அதாவது தீவிரத்தில் முதல் நிலைப் பிழை, ஒன்றுகூட இருக்காது. இருக்க விட்டால்தானே?

கிக்-ஆஃப் மீட்டிங்கில் தரக் குறிக்கோளை எழுதுவதே இவர்தான். கஸ்டமர் சோதித்துப் பார்க்கும் யூஏடிக்குப் போகும்போது செவ்-1 பூஜ்யம், செவ்-2 அதிகபட்சம் ஐந்து. யூனிட் டெஸ்டிங், எஸ்ஐடி, ரிக்ரஷன், யூஏடி என்று கலர் கலராக டெஸ்டிங் கட்டங்கள். அடுத்த ஸ்லைடு ஆரியான் 5 ராக்கெட். "1996 ஜூன் 4. அறுபத்துநாலு பிட் நம்பரைப் பதினாறு பிட்டுக்குள்ள திணிச்சான். கிளம்பின நாற்பது செகண்ட்ல போச்சு!" குரல் தழுதழுக்கும்.

ஆனால் பக்குகளைத் தரம் பிரிக்கும் ட்ரையாஜ் மீட்டிங்கில்தான் இவர் கைவரிசையைப் பார்க்க வேண்டும். ஒரு பேங்க் ஆப்பில் தொகையைப் பைசாக் கணக்கில் 32 பிட் எண்ணாக வைத்திருந்தார்கள். 2,14,74,836 ரூபாய் 47 பைசா வரை ஒழுங்காக ஓடும். ஒரு பைசா கூட்டினால் மைனஸ். டெஸ்டரான நான் செவ்-1 போட்டேன்.

"ஏம்மா, ரெண்டு கோடிக்கு மேல யாரு அனுப்பப் போறா?"

"கம்பெனி அக்கவுன்ட்காரங்க அனுப்புவாங்க சார்."

"தினமுமா?"

"எப்பவாவது."

"அப்ப செவ்-2."

"மைனஸ்ல போகுது சார்!"

"மைனஸ் ஸ்கிரீன்ல தெரியுதுல்ல? பார்த்தா நிறுத்திடுவாங்க. இது வெறும் டிஸ்ப்ளே பிரச்சினைம்மா. செவ்-3."

ஆரியானை ஞாபகப்படுத்தினேன்.

"அது ராக்கெட்மா."

சாயங்காலத்துக்குள் டேஷ்போர்டு முழுக்கப் பச்சை. அதைப் பார்க்கும்போது இவர் முகத்தில் வரும் பூரிப்பு பொய்யில்லை. அதனால்தான் முழுசாகக் கோபப்பட முடிவதில்லை. ரிலீஸ் ராத்திரி தன் காசில் பிரியாணி வாங்கி, லெக் பீஸைத் தேடி எடுத்து டெஸ்டர் தட்டில்தான் வைப்பார்.

மூணு மாதம் கழித்து யாரோ ஒருவர் ரெண்டேகால் கோடி அனுப்புவார். அன்றைக்குப் பிரியாணி கிடையாது. கஸ்டமர் காலில் எல்லோர் முன்னாலும், "டெஸ்டிங்ல இதை எப்படிம்மா விட்டீங்க?" என்பார். டெஸ்டிங்கில் பக் தப்பிப் போன டிஃபெக்ட் லீக்கேஜ் கணக்கு என் அப்ரைசலில்தான் ஏறும், இவருடையதில் அல்ல. பழைய டிக்கெட்டைத் திறந்து காட்டினால், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படிப்பார்.

"செவ்-3ன்னுல்ல போட்டிருக்கு. நீங்களே சீரியஸா எடுத்துக்கலையேம்மா."